ஐந்து நாள் திறந்திருந்த கதவு

2010 மே 6, இரவு 10 மணி. ஷெஃபீல்டு நகரின் வாக்குச்சாவடிகள் சிலவற்றின் வாசலில் வரிசை இன்னும் தெருவரை நீண்டிருந்தது. மணி பத்தானதும் கதவைச் சாத்திவிட்டார்கள். வெகுநேரம் கால்கடுக்க நின்றவர்கள் ஓட்டுப் போடாமலே வீடு திரும்பினார்கள். லண்டனின் ஹாக்னி உட்பட வேறு சில இடங்களிலும் இதே கதைதான். 16 தொகுதிகளில், 27 வாக்குச்சாவடிகளில், சுமார் 1,200 பேர் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டதாகத் தேர்தல் ஆணையம் பிறகு கணக்குச் சொன்னது.

நாடே கொதித்தது. பழமையான ஜனநாயகத்தில் இப்படியும் நடக்குமா என்று பத்திரிகைகள் கேட்டன. கேள்வி நியாயமானது; பலனும் கிடைத்தது. 2013-ல் சட்டம் திருத்தப்பட்டது. சாவடி மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர் ஓட்டுப் போடலாம் என்பது இப்போது பிரிட்டனில் உரிமை.

அதே இரவில் இன்னொரு வரிசையும் வாசலிலேயே நின்றுபோனது. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 68 லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். நாட்டின் மொத்த வாக்கில் 23 சதவீதம். கிடைத்தது 650-ல் 57 இடம். தொழிலாளர் கட்சிக்கு 29 சதவீதம்; இடங்கள் 258. வாக்கில் ஆறு சதவீத வித்தியாசம், இடத்தில் நாலரை மடங்கு வித்தியாசம். இன்னும் வேதனையானது, முந்தைய தேர்தலைவிட லிபரல் டெமாக்ரட்டுகளின் வாக்கு விகிதம் ஒரு சதவீதம் கூடியிருந்தது. இடங்களோ 62-லிருந்து 57-ஆகக் குறைந்திருந்தன. 1,200 பேருக்கு நேர்ந்த அநீதி மூன்று ஆண்டுகளில் சரிசெய்யப்பட்டது. லட்சக்கணக்கானவர்களுக்கு நேர்ந்தது அநீதி என்றுகூட யாரும் பதிவு செய்யவில்லை. அதற்குப் பெயர் தேர்தல் முறை.

அந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மைக்குத் தேவையான 326 கிடைக்கவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சி 306-ல் நின்றது. தமிழில் இதைத் தொங்கு நாடாளுமன்றம் என்கிறோம். அந்தச் சொல்லிலேயே ஏதோ விபத்து நடந்துவிட்ட தொனி இருக்கிறது. பிரிட்டனிலும் அப்படித்தான் பார்த்தார்கள். தொழிலாளர் கட்சிப் பிரதமர் கோர்டன் பிரவுன் உடனே பதவி விலகவில்லை என்பதற்காக, ஒரு பிரபல நாளிதழ் அவரைப் பிரதமர் இல்லத்தில் அத்துமீறிக் குடியிருப்பவராக முதல் பக்கத்தில் சித்திரித்தது. அது அபாண்டம். அடுத்து யார் ஆட்சி அமைக்க முடியும் என்பது தெளிவாகும்வரை நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது பிரிட்டிஷ் பிரதமரின் கடமை. அரசர் அல்லது அரசிக்கு ஆலோசனை சொல்ல ஒருவர் இருந்தாக வேண்டும். பிரவுன் மரபைக் காத்தார்.

ஐந்தே நாள். மே 11 மாலை பிரவுன் விலகினார். அன்று இரவே கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரன் பிரதமர், சில மணி நேரத்தில் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் துணைப் பிரதமர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் அமைந்த முதல் கூட்டணி ஆட்சி அது. பங்குச் சந்தை சரியும், நாடு ஸ்தம்பிக்கும் என்றெல்லாம் பயமுறுத்தியிருந்தார்கள். அந்த ஆட்சி ஐந்து ஆண்டும் முழுதாக நீடித்தது.

பிரிட்டனின் தேர்தல் முறையைப் பற்றி யோசிப்பவர்கள் அந்த ஐந்து நாட்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டியிருக்கிறது. தனிப்பெரும்பான்மை பெற்ற எந்தக் கட்சிக்கும், தனக்கு அதைப் பெற்றுத் தந்த ஏணியை மாற்ற மனம் வராது. யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோதுதான் கேள்வி மேசைக்கு வருகிறது. தொங்கு நாடாளுமன்றம் இந்த முறையின் நோய் அல்ல. இந்த முறையைத் திருத்துவதற்குக் கிடைக்கும் ஒரே வாசல். அந்த வாசல் திறந்த போதெல்லாம் பிரிட்டன் அதை வீணடித்ததுதான் துயரம்.

முறை என்னவோ மிக எளிது. ஒரு தொகுதி, ஒரு உறுப்பினர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டே கட்சிகள் மோதிய காலத்தில் இதன் பழுது அவ்வளவாகத் தெரியவில்லை. நான்கைந்து கட்சிகள் நிற்கும் இன்றைக்கு அப்படியே வெளியே தெரிகிறது. 2015-ல் தெற்கு பெல்ஃபாஸ்ட் தொகுதியின் வெற்றியாளருக்குக் கிடைத்தது 24.5 சதவீதம், நான்கில் மூன்று பேர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. 2024-ல் தென்மேற்கு நார்ஃபோக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 630 வாக்கில் தோற்றார். அது பெரிய செய்தியாயிற்று. அவரை வென்ற தொழிலாளர் கட்சி வேட்பாளர் வாங்கியது 27 சதவீதத்துக்கும் குறைவு என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

தொகுதி அளவில் இது சில்லறைக் கணக்காகத் தோன்றலாம். நாடு முழுதும் கூட்டிப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். 1951-ல் கிளெமென்ட் அட்லியின் தொழிலாளர் கட்சி, சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் அணியைவிட இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றது. ஆட்சிக்கு வந்தவர் சர்ச்சில்: 321 இடம், அட்லிக்கு 295. இலவச மருத்துவ சேவையைத் தொடங்கி வைத்த அரசை மக்கள் நிராகரித்தார்கள் என்று வரலாறு எழுதப்பட்டுவிட்டது. ஓட்டுப் பெட்டி சொன்னது அதுவல்ல. 1974 பிப்ரவரியில் காற்று மாறி அடித்தது. எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் கட்சி வாக்கில் முந்தியது; ஹெரால்ட் வில்சனின் தொழிலாளர் கட்சி நான்கு இடம் கூடுதலாகப் பெற்றது. 1983-ல் சமூக ஜனநாயகவாதிகளும் லிபரல்களும் சேர்ந்த கூட்டணிக்கு 25.4 சதவீதம், 23 இடம். தொழிலாளர் கட்சிக்கு 27.6 சதவீதம், 209 இடம்.

2015-ல் யுகிப் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் 38 லட்சத்துக்கும் மேல், உறுப்பினர் ஒருவர். அதே தேர்தலில் 14 லட்சத்துச் சொச்சம் வாக்குப் பெற்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 56 உறுப்பினர்கள். இங்கே ஒரு கேள்வி எழும்: யுகிப்பின் குடியேற்ற எதிர்ப்பு அரசியல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டருக்குள் வராமல் போனது நல்லதுதானே? பிரிட்டனில் வாழும் தமிழர்கள் உட்படப் பலர் அன்று அப்படித்தான் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நியாயத்தைப் பிடித்தவருக்கு மட்டும் அளந்து, பிடிக்காதவருக்கு மறுப்பது தராசு ஆகாது. அதோடு, அந்த 38 லட்சம் பேரின் கோபம் சபையில் பேசித் தீர வழியின்றி வெளியே தேங்கியது. மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பொதுவாக்கெடுப்பு வந்தது. இரண்டுக்கும் இடையில் வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் கோபத்தைச் சபைக்கு வெளியே நிறுத்தினால் அது கரைந்துவிடும் என்ற எண்ணம் பொய்த்துப் போனதை யாரும் மறுக்க முடியாது.

2024 ஜூலைத் தேர்தல் எல்லாவற்றையும் மிஞ்சியது. கெய்ர் ஸ்டார்மரின் தொழிலாளர் கட்சி 33.7 சதவீத வாக்கில் 411 இடங்களை அள்ளியது. மூன்றில் ஒரு பங்கு வாக்கு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிகாரம். ஏழு ஆண்டுக்கு முன், 2017-ல், இதே கட்சி ஜெரமி கோர்பின் தலைமையில் 40 சதவீத வாக்குப் பெற்றுத் தோற்றது; அப்போது கிடைத்தது 262 இடம். ஸ்டார்மர் வாங்கிய வாக்குகள் கோர்பின் வாங்கியதைவிட 31 லட்சத்துக்கும் மேல் குறைவு. இடங்கள் 149 அதிகம். ஓர் உறுப்பினரைப் பெற தொழிலாளர் கட்சிக்குத் தேவைப்பட்டது சராசரியாக 24,000-க்கும் குறைவான வாக்கு. பசுமைக் கட்சிக்கு நாலரை லட்சத்துக்கும் மேல். ரிஃபார்ம் கட்சிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கு தமிழர்களுக்கு அந்நியமல்ல. இந்தியாவும் இலங்கையும் பிரிட்டனிடமிருந்தே இந்த முறையை எடுத்துக்கொண்டன. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 23 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்ற திமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை. இலங்கை அனுபவம் இதைவிடக் கசப்பானது. 1970-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணிக்குப் பாதிக்கும் சற்றுக் குறைவான வாக்கே கிடைத்தது. இடங்களோ மூன்றில் இரண்டுக்கு மேல். தனிக்கட்சியாக அதிக வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17 இடங்கள்தாம். அந்த ஊதிப்பெருத்த பெரும்பான்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1972 அரசியலமைப்பு இயற்றப்பட்டது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பதும், பௌத்தத்துக்கு முதலிடம் என்பதும் அதில் எழுதப்பட்டன. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த, முந்தைய சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு போயிற்று. 1977-ல் ஊஞ்சல் மறுபக்கம் போனது: ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 சதவீத வாக்கில் 168-க்கு 140 இடம். ஜே.ஆர். ஜெயவர்த்தன அடுத்த ஆண்டே, கட்சிகளின் வாக்குக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார்; ஆனால் அந்த முறையில் தேர்தல் நடத்தாமல், 1982-ல் பொதுவாக்கெடுப்பு வைத்துப் பழைய நாடாளுமன்றத்தின் ஆயுளையே ஆறு ஆண்டு நீட்டிக்கொண்டார். செயற்கைப் பெரும்பான்மை என்ன செய்யும் என்பதை இலங்கைத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

இந்த முறைக்கு வக்காலத்து வாங்குபவர்களின் பெரிய வாதம் நிலையான ஆட்சி. தொங்கு நாடாளுமன்றம் என்றால் பேரம், தாமதம், பலவீனம் என்பார்கள். பேரம் நடக்கத்தான் செய்யும். 2017-ல் பெரும்பான்மையை இழந்த தெரசா மே, வட அயர்லாந்தின் டியூபி கட்சியின் பத்து உறுப்பினர்களுடைய ஆதரவுக்காக அந்தப் பகுதிக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி ஒதுக்கினார். தாமதமும் உண்மை. விகிதாசார முறை உள்ள பெல்ஜியம் 2010 தேர்தலுக்குப் பின் 541 நாள் முழு அதிகாரமுள்ள அரசு இல்லாமல் இருந்தது. இந்தக் குறைகளை மறைத்துச் சீர்திருத்தம் பேசுவது நேர்மையல்ல.

ஆனால் பலவீனம் என்ற குற்றச்சாட்டுக்குப் பிரிட்டனின் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. 1910-ல் இரண்டு பொதுத் தேர்தல்கள். இரண்டிலும் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அயர்லாந்து உறுப்பினர்களின் ஆதரவில் நின்ற ஆஸ்குவித்தின் லிபரல் அரசுதான் 1911-ல் பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரத்தை ஒடித்தது. அந்த ஆண்டிலேயே தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வந்தது. அதன் பிறகுதான் தொழிலாளி வீட்டுப் பிள்ளை வேறு யார் தயவும் இல்லாமல் சபையில் உட்கார முடிந்தது. பிரிட்டனின் முதல் தொழிலாளர் கட்சி அரசு, 1924-ல் ராம்சே மெக்டொனால்டு தலைமையில் அமைந்ததும், தொங்கு நாடாளுமன்றத்தில்தான். ஓராண்டுகூட நீடிக்காத அந்த அரசு போட்ட வீட்டுவசதிச் சட்டத்தால் உள்ளாட்சி மன்றங்கள் ஏழைகளுக்கு லட்சக்கணக்கில் வீடு கட்டிக் கொடுத்தன. நிலையான பெரும்பான்மை அரசுகளில் எத்தனை இப்படி மார்தட்டிக்கொள்ள முடியும்?

இவ்வளவு சாதிக்க முடிந்தவர்களால் தேர்தல் முறையை மட்டும் ஏன் மாற்ற முடியவில்லை? முயற்சிகளின் பட்டியல் நூறு ஆண்டு நீளம். 1917-ல் சபாநாயகர் தலைமையில் கூடிய மாநாடு மாற்றத்தைப் பரிந்துரைத்தது. எந்த மாற்றம் என்பதில் இரு சபைகளும் மல்லுக்கட்டி, 1918-ல் பெரிதாக ஒன்றும் இல்லாமல் முடிந்தது. 1931-ல் சிறுபான்மைத் தொழிலாளர் அரசு கொண்டுவந்த மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறிச் சட்டமாவதற்குள் அரசே கவிழ்ந்தது. 1974-ல் 60 லட்சம் வாக்குப் பெற்று 14 இடத்தோடு நின்ற லிபரல் தலைவர் ஜெரமி தோர்ப்பிடம் ஹீத் ஆதரவு கேட்டார். பதிலுக்கு முறையை ஆராய ஒரு மாநாடு கூட்டுவதாகச் சொன்னார். தோர்ப் மறுத்தார். இருவரும் சேர்ந்தாலும் பெரும்பான்மை வராது என்பதும் ஒரு காரணம். 1997-ல் டோனி பிளேர் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகத் தேர்தல் அறிக்கையிலேயே எழுதினார். 418 இடங்களுடன் வென்றார். ராய் ஜென்கின்ஸ் தலைமையில் குழு போட்டார். 1998-ல் அறிக்கை வந்தது. வாக்கெடுப்பு மட்டும் வரவே இல்லை. 418 இடம் வைத்திருப்பவருக்கு என்ன அவசரம்?

2010-ல் திறந்த வாசல்தான் மிகப் பெரியது. கிளெக் கையில் துருப்புச் சீட்டு இருந்தது. விகிதாசார முறையை கன்சர்வேட்டிவ் கட்சி தொடக்கூட மறுத்தது. கடைசியில் விருப்ப வரிசை வாக்கு என்ற முறைக்குப் பொதுவாக்கெடுப்பு நடத்தச் சம்மதித்தது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி, யாருக்கும் பாதி வராவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறை அது. ஆஸ்திரேலியாவில் நூறாண்டாக நடக்கிறது. பழைய முறையைவிட மேல்தான். ஆனால் கட்சிகளின் வாக்குக்கேற்ப இடம் கொடுக்கும் முறை அல்ல. தேர்தலுக்குச் சில வாரம் முன்பு இதே யோசனையை அற்பச் சமரசம் என்று ஒதுக்கியவர் கிளெக்.

2011 மே 5-ல் வாக்கெடுப்பு. அதற்குள், கல்லூரிக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட கிளெக், ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை கட்டணம் உயர ஓட்டுப் போட்டிருந்தார். இளைஞர்கள் அவர் முகத்தைப் பார்க்கவே விரும்பவில்லை. புதிய முறைக்கு 25 கோடி பவுண்டு செலவாகும், அந்தப் பணம் பச்சிளங்குழந்தைகளின் சிகிச்சைக்குப் போகட்டும் என்று எதிர்த்தரப்பு தொட்டில் குழந்தையின் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டியது. கூட்டணித் தோழரான கேமரன் எதிர்ப்பிரச்சாரத்துக்கே போனார். 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களே 42 சதவீதம்தான். யாருமே மனதார விரும்பாத ஒரு முறையை மக்கள் முன் நிறுத்தி, கிடைத்த தோல்வியை எல்லாச் சீர்திருத்தத்துக்கும் எதிரான தீர்ப்பாக இன்றுவரை காட்டுகிறார்கள்.

வாசலைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் எடின்பரோவில் இருக்கிறார்கள். 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. தொழிலாளர் கட்சியுடன் கூட்டணி ஆட்சிக்குச் சம்மதிக்க, உள்ளாட்சித் தேர்தலில் விகிதாசார முறை வேண்டும் என்பதை லிபரல் டெமாக்ரட்டுகள் நிபந்தனையாக வைத்தார்கள். பொதுவாக்கெடுப்பு எதுவும் இல்லை. 2004-ல் சட்டம், 2007-ல் தேர்தல். ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு ஊரிலும் இன்று மக்கள் வேட்பாளர்களுக்கு எண் போட்டு வாக்களிக்கிறார்கள். வட அயர்லாந்தும் தன் சட்டமன்றத்தை அப்படியே தேர்ந்தெடுக்கிறது. வேல்ஸ் 2024-ல் சட்டம் இயற்றி முழு விகிதாசார முறைக்கே மாறியது. பிரிட்டிஷ் மக்களுக்குப் புதிய முறை புரியாது என்ற வாதம் இங்கே நிற்காது. வெஸ்ட்மின்ஸ்டருக்கான ஓட்டுச் சீட்டில் மட்டும்தான் அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

நிலைமை இப்போது வேறு திசையில் அவசரமாகியிருக்கிறது. 2024-ல் இந்த முறையால் நசுக்கப்பட்ட ரிஃபார்ம் கட்சி, 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் 677 இடங்களை வென்றது. முப்பது சதவீத வாக்கைத் தொட்ட கட்சியை இதே முறை தூக்கி அரியணையில் வைக்கக்கூடும். 2024-ல் தொழிலாளர் கட்சிக்குச் செய்தது அதுதான். தொழிலாளர் கட்சியின் 2022 மாநாடு விகிதாசார முறையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தலைமை காதில் வாங்கவில்லை. தங்களுக்கு 411 இடம் தந்த சக்கரம் அடுத்த சுற்றில் யாரைத் தூக்கும் என்பதை எண்ணிப் பார்க்க அவர்களுக்கு இப்போதும் நேரம் இருக்கிறது.

2024 டிசம்பர் 3-ல் லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் சாரா ஓல்னி விகிதாசார முறைக்கான மசோதா ஒன்றை முன்வைத்தார். ஆதரவு 138, எதிர்ப்பு 136. ஆதரித்தவர்களில் தொழிலாளர் கட்சியினரும் பலர். தனிநபர் மசோதா என்பதால், அரசு நேரம் ஒதுக்காமல் அது சட்டமாக வழியில்லை. ஆனாலும் அந்த 138 பேருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்ட்டுக்குள் நடந்தாக வேண்டும். அந்த இரவில் யாருக்கும் 326 கிடைக்காமல் போனால், பேச்சுவார்த்தை மேசையில் முதலில் வைக்க வேண்டியது பொதுவாக்கெடுப்பு பற்றிய வாக்குறுதியை அல்ல. எடின்பரோவில் நிபந்தனையாக வைத்ததுபோல், வரிக்கு வரி எழுதித் தயாராக வைத்திருக்கும் சட்டத்தை. அதை எழுதும் வேலையை இப்போதே தொடங்கலாம்.